அரிக்கிற தெருவில் ஒரு நாய்க் குளியல் கடை

நாய் குளிப்பாட்டும் தொழிலில் நாயால் பெரிய தொல்லை கிடையாது. கடிக்க வரும், உடம்பை உதறி நம்மையும் சேர்த்துக் குளிப்பாட்டும், அவ்வளவுதான். தொல்லையெல்லாம் சங்கிலியின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களால். சலூன் வைத்திருப்பவர்கள், மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவர்கள், பல் பிடுங்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். உடம்பில் எங்கேயாவது அரிக்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். இதைப் படிக்கும்போதே உங்கள் கை முழங்கைக்குப் போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம். எழுதும்போது என் கையும் அங்கேதான் போகிறது.

என் பெயர் செல்வி. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்து, மாட்டுக்கு உண்ணி பிடுங்கிப் பழகிய கை. ஒரு கால்நடை டாக்டரிடம் பல வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு, வேங்கிக்காலில் சொந்தமாகக் கடை போட்டேன். கலெக்டர் ஆபீசைச் சுற்றி முளைத்த புதுத் தெருக்களில் ஒன்று. மாடியில் வீட்டுக்காரர். கீழே பக்கவாட்டில் ஷீட் போட்ட இடத்தில் நான், ஒரு தொட்டி, ஒரு டேபிள் ஃபேன். நாய்க்குக் கடையா என்று கேட்டுக் கதவைச் சாத்திய வீடுகள் எத்தனையோ. இவர் ஒருவர்தான் சரியென்றார். இந்த இடம் போனால் எனக்கு இந்த ஊரில் வேறு இடம் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் போன மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு அரிக்க ஆரம்பித்தது. ஆட்களும் சொறிந்தார்கள், நாயும் சொறிந்தது. கை எங்கே சொறிந்தாலும் கண் மட்டும் என் கடைமேல் இருந்தது. ஊரில் இருக்கிற நாயையெல்லாம் கொண்டுவந்து இங்கே குளிப்பாட்டினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும், அந்த முடி எங்கே பறக்கும் என்று பேச்சு. வீட்டுக்காரர் படியிறங்கி வந்து சொல்லிவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரை விட்டுப் போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயிலில் தெரு கூடும். கடை இருக்கலாமா, காலி பண்ண வேண்டுமா என்று அங்கே முடிவாகும்.

நான் அழுகிற ஆள் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். அரிப்பு என் கடையிலிருந்து வரவில்லையென்றால் எங்கிருந்துதான் வருகிறது என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துவிடுவது, அதைச் சரி பண்ணிவிட்டுத்தான் கூட்டத்தில் போய் உட்காருவது என்று முடிவு செய்தேன். கீழே மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாய் பூனைகளின் பெயர்கள் உண்மை. அவை என்மேல் கேஸ் போடாது.

நக்கினால் என்ன ஆகும்?

முதல் வீடு முருகேசன் சார் வீடு. அரசு அலுவலகத்தில் வேலை. அவர்கள் வீட்டு லாப்ரடார் சீசர் இடுப்பைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. சாருக்கு முதுகில் அரிப்பு. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே பேசினார். நான் போன நேரம் அவர் மனைவி தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து அதில் கற்பூரத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கோயில் ஊரில் கற்பூரத்துக்குப் பஞ்சமா என்ன? சாருக்கு முதுகில் பூசி, மிச்சத்தை சீசர் இடுப்பில் பூசுவது வழக்கமாம். காலையில் பூசியதை சீசர் அதற்குள் நக்கி முடித்திருந்தது. வாயில் எச்சில் ஒழுக, கால்கள் வெடவெடக்க நின்றது.

எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். மனிதனுக்குப் பூசியது பூசிய இடத்தில் இருக்கும்; நாய்க்குப் பூசியது வயிற்றுக்குப் போகும். கற்பூரம் நாய்க்கும் பூனைக்கும் விஷம். எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும், நக்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் முதல் கேள்வி. ஒட்டியிருந்த எண்ணெயைக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து எங்கள் பழைய டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். சாயங்காலம் வரை கூடவே வைத்திருந்து அனுப்பினார். சீசர் பிழைத்தது பெரிய விஷயம்.

அரிப்புக்குக் காரணத்தை ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. மழைச் சேறு ஒட்டுகிறது என்று சீசரை தினமும் மனிதர்கள் போடுகிற சோப்பில் குளிப்பாட்டி, துவட்டாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சார் பாதி காய்ந்த பனியனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறார். இருவருக்கும் ஒரே வைத்தியம் சொன்னேன். சோப்பைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வடித்த கஞ்சியை உப்புப் போடாமல் ஆற வைத்து, தண்ணீர் விட்டுக் கலந்து உடம்பில் ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து அலசுங்கள். அப்புறம் ஃபேன் காற்றில் முழுக்கக் காய விடுங்கள். சீசரின் புண்ணுக்கு மட்டும் டாக்டர் கொடுத்த மருந்து. இருவரும் சொறிவதை நிறுத்தினார்கள். ஆனால் சாருக்கு அந்தக் கிண்ணத்தின்மேல் இருந்த ஆசை போகவில்லை. ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, மனைவிக்குக் கேட்காமல் கேட்டார்: “நான் நக்க மாட்டேம்மா. எனக்கு மட்டும் கற்பூரம் போட்டுக்கலாமா?”

பைரவர் நெற்றி

அடுத்தது ராஜேஸ்வரி அம்மா. என் கடையை எடுக்கச் சொன்னவர்களில் அவர் குரல்தான் உரத்தது. அவர் வளர்ப்பது ஒரு கறுப்பு நாட்டு நாய், பெயரும் கறுப்புதான். ஆனால் அவருக்கு அது நாய் இல்லை, பைரவர். தேய்பிறை அஷ்டமி வந்தால் குளிப்பாட்டி, விபூதி பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, வடை மாலை போட்டு ஆரத்தி எடுப்பார். ஆரத்தி முடிவதற்குள் கறுப்பு மாலையில் பாதியைத் தின்றுவிடும். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

கறுப்பின் நெற்றியில் முடி உதிர்ந்து, நீர் கசிகிற ஒரு வட்டம் இருந்தது. வேப்பிலை கொதித்த தண்ணீரை ஆற வைத்துத் துடைத்தால் காய்ந்துவிடும், கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். மாசா மாசம் இதே கதை. அஷ்டமிக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். நெற்றியில் குங்குமம் அப்பியிருந்தது, நாய் சுவரில் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பொட்டலம் கட்டி விற்பார்களே, அந்தப் பளீர்ச் சிவப்பு. அதிலிருந்த சாயம் நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ராஜேஸ்வரி அம்மாவின் பொட்டு போன வருஷத்தைவிட ரொம்பப் பெரிதாகியிருந்தது. அடியில் அரிப்பு வளர வளர, அவரும் பொட்டை வளர்த்து மூடிக்கொண்டே வந்திருக்கிறார்.

பைரவருக்கு அலர்ஜி என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நானும் விடவில்லை, ஒற்றைக் காலில் நின்றேன். கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குங்குமத்தைக் கறுப்பின் கழுத்து பெல்ட்டில் வையுங்கள், உங்களுக்கும் கொஞ்ச நாள் தாலிக்கு மட்டும் குங்குமம் போதும், நெற்றிக்குச் சந்தனம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த அஷ்டமியில் பெல்ட்டில்தான் வைத்தார். வட்டத்தில் முடி முளைத்தது, அவர் நெற்றியும் ஆறியது. நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. பால் வாங்கப் போகிறவர் போல என் கடை வாசலில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்: “பெல்ட்டுல வெச்சா பலன் கம்மியாயிடாதில்ல?”

குல்லுவின் தாடை

தையல்கார ஷபீனா ஆபா, ஆபா என்றால் அக்கா, எனக்கு வேண்டியவர். கூட்டத்தில் எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நான் நம்பியிருந்ததும் அவரைத்தான். அதனால் அவருடைய பூனை குல்லுவின் தாடையில் கரும்புள்ளிகள் வந்து, அது மெஷின் காலில் தாடையைத் தேய்க்க ஆரம்பித்தபோது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பார்த்த உடனே பூஞ்சை என்று முடிவு கட்டினேன். வேப்பிலைத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். குல்லு என் மணிக்கட்டில் கோடு கிழித்ததுதான் மிச்சம். டாக்டரிடம் காட்டினோம். பூஞ்சை இல்லை, நம் முகத்தில் பரு வருகிற மாதிரி அதற்குத் தாடையில் வந்திருக்கிறது, எது படுகிறது என்று பாருங்கள் என்றார். ராத்திரி பகலாக யோசித்தும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

கண்டுபிடித்தது ஆபாதான். ஆரணியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது பூனையையும் கூடையில் வைத்துக்கொண்டு போயிருந்தார். அங்கே இருந்தவரை தாடை சுத்தமாகிக்கொண்டே வந்தது. வீடு திரும்பியதும் பழையபடி தேய்க்க ஆரம்பித்தது. அங்கே சாப்பாடு எவர்சில்வர் தட்டில், இங்கே கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தில். கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு தட்டு வைத்து தினமும் கழுவினார். அவ்வளவுதான் வைத்தியம். வேப்பிலைக் கட்டோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஆபா சிரித்தார். “கல்யாண வீட்டுல எவர்சில்வர்ல சாப்ட்ட ருசி, செல்வி. இனிமே அது பிளாஸ்டிக்ல வாய் வெக்காது.”

குமாருக்கு அரிக்கவில்லை

ஜெராக்ஸ் கடை குமார் வீட்டில் அவன் மனைவி தேவி, இரண்டு பிள்ளைகள், தேவியின் மாமியார் என எல்லோருக்கும் விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு. ராத்திரி ஆனால் ஜாஸ்தி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் என் கடையில் நாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் தேவிக்குச் சந்தேகமே இல்லை, நான்தான் குற்றவாளி. நான் குப்பைமேனி இலையை மஞ்சளும் கொஞ்சம் உப்பும் சேர்த்து அரைத்துக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். இரண்டொரு நாள் குளுகுளுவென்று இருக்கிறது என்றார்கள். அப்புறம் முன்னைவிட மோசமாகச் சொறிந்தார்கள். சின்னவள் அழுதுகொண்டே தூங்கினாள் என்று தேவி சொன்னாள். இலையை அரைத்து நேரத்தை வீணாக்கக்கூடாது என்று புரிந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நானும் வரிசையில் நின்றேன்.

டாக்டரம்மா விரல்களைப் பிரித்துப் பார்த்த உடனே இது சொறி சிரங்கு என்றார். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தோலுக்குள் போய்க் குடியிருக்குமாம். இது மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது. நாயிடமிருந்து வருகிற வகை வேறு, அது கொஞ்ச நாள் அரித்துவிட்டு மனிதர் உடம்பில் நிற்காமல் போய்விடும் என்றார். அந்த வார்த்தையை தேவி காதில் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன். கொடுத்த மருந்தை வீட்டில் ஒருவர் விடாமல், ஒரே ராத்திரி, கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூச வேண்டும். படுக்கை, போர்வை, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசிக் காய வைக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி மறுபடி ஒரு தடவை பூச வேண்டும்.

எல்லோரும் பூசினார்கள், குமாரைத் தவிர. அவனுக்கு அரிக்கவில்லையாம். அரிக்காதவன் எதற்குப் பூச வேண்டும் என்று நியாயம் பேசினான். கொஞ்ச நாளில் வீடு முழுக்க மறுபடி அரிப்பு. நான் நாய் பிடிக்கிற தெம்போடு போய் அவன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது, குடையும் இல்லை, நான் நகரவில்லை. உனக்கு அரிக்காவிட்டாலும் பூச்சி உன்மேல் குடியிருக்கலாம், உன் பிள்ளை அழுதால் பரவாயில்லையா என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டேன். கடைசியில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது: “பூசிக்கறேன், பூசிக்கறேன். முதுகு எட்டல, தேவிய வரச் சொல்லுங்க.”

நாய் இல்லாதவரின் நாய்

சங்கரன் சார் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். ஏதோ வேண்டுதல், குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு மலையைச் சுற்றி வருவார். அவர் என் கடைக்கு வந்து, தன் நாய்க்குத் தொடை இடுக்கில் வட்ட வட்டமாக வந்து அரிக்கிறது என்றார். அவரிடம் நாய் கிடையாது. தெருவுக்கே தெரியும். கூட்டிக்கொண்டு வாருங்கள் பார்க்கிறேன் என்றேன். வராது, ரொம்ப வெட்கப்படும் என்றார். அப்போது அவர் நின்ற நிற்பைப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. நானும் சிரிக்காமல் நாய்க்கே வைத்தியம் சொன்னேன். மெடிக்கல் ஷாப்பில் அவசரத்துக்குக் கொடுக்கிற ட்யூப் எதையும் தடவ வேண்டாம்; அது அமுக்கி வைத்துவிட்டு அப்புறம் கிளம்பும். ஈரம் ஆகாது, குளித்தால் இடுக்கெல்லாம் ஒற்றிக் காய வைக்க வேண்டும், தோல் டாக்டரிடம் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். கிரிவலம் போகிற பழக்கம் அந்த நாய்க்கு இருந்தால் ஈரத் துணியோடு சுற்றக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். தீபம் முடிந்த மறுநாள் காலையில் காலை அகட்டாமல் நடந்து வந்தார். “நாய்க்கு இப்ப தேவலங்க. ஈர வேட்டில கெளம்பி, அடி அண்ணாமலை வந்ததும் காஞ்ச வேட்டி மாத்திக்குது.”

இயற்கையான கறுப்பு

பாக்கி இருந்தது மாடிவீடு. வீட்டுக்காரரின் பேரன் காலேஜில் படிக்கிறான். ஆனால் அவர் தலையும் மீசையும் மையாகக் கறுத்திருக்கும். கூட்டம் நெருங்க நெருங்க அவர் காது மடலையும் பிடரியையும் மீசையையும் சொறிகிற சொறியில் தோல் வழன்று வந்தது. நாய் முடி காற்றில் பறந்து மாடிக்கு வருகிறது என்பது அவர் கட்சி. நாய் முடி பறந்து வந்து மீசையில் மட்டும் உட்காருமா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற மத்தியானத்தில் அவரே இறங்கி வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்து காட்டினார். வாடிக்கையாக வருகிற நாய்கள் உட்காருகிற வெளிச்சம்தான். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முடி ஆரம்பிக்கிற கோடு நெடுகச் சிவந்து பொரிந்திருந்தது. கறுப்பு முடிக்கு அடியில் அரை விரல்கடை வெள்ளை. சாயம் போட்டால் இப்படி ஆகிறவர்கள் உண்டு, இதை நிறுத்தினால்தான் ஆறும் என்றேன். தனக்கு இயற்கையாகவே கறுப்பு என்றார். சரி, அந்த இயற்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள் என்றேன். அரிப்பு அடங்கச் சோற்றுக்கற்றாழையின் சதையைக் கழுவி, முதலில் கையில் ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டுத் தோல் உரியாத இடத்தில் மட்டும் பூசச் சொன்னேன். முகம் வீங்கினால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கண்ணாடியில் தன்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் கடையின் விதி அந்த மீசையில் தொங்குவது எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்து ஷட்டரைத் தானே தூக்கினார். “நிறுத்திட்டா, அந்தக் கூட்டத்துக்கு நான் எந்த மூஞ்சோட வர்றது?”

பிள்ளையார் கோயிலில்

ஞாயிற்றுக்கிழமை தெரு கூடியது. வீட்டுக்காரர் தலையிலிருந்து காது வரைக்கும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கைக்குட்டையால் மீசையை மூடிக்கொண்டு, சளி பிடித்திருப்பதாகச் சொல்லி ஓரமாக உட்கார்ந்தார். எனக்குப் பயமே இல்லை. அரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், ஒருவரும் சொறியவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இங்கே யாருக்கு என் கடையால் அரித்தது, அதைச் சொல்லுங்கள். வேறு எதனாலோ அரித்துச் சரியாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முருகேசன் சார் பிள்ளையாரைப் பார்த்தார். ராஜேஸ்வரி அம்மா நெற்றிச் சந்தனத்தைச் சரி செய்தார். தேவி பிள்ளையின் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சங்கரன் சார் செருப்பைத் தேடினார். ஷபீனா ஆபா மட்டும் தன் பூனைக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து சொன்னார். பூனை கதை எதற்கு என்று யாரோ உட்காரச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பக்கம் பேச வேண்டுமென்றால் முதலில் தங்களுக்கு அரித்தது என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கே, எதனால் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட என்னைக் காலி பண்ணுவது அவர்களுக்குச் சுலபம்.

எனக்கு நெஞ்சு கொதித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவர் இடுப்பும் இடுக்கும் எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் வாயைத் திறந்தால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது, திறக்கவில்லை. நம்பிக் காட்டியதைக் கோயில் வாசலில் கடை பரப்பினால், அப்புறம் யார் எனக்குத் தலையைக் குனிந்து காட்டுவார்கள்? மறுநாள் சொல்கிறேன் என்று வீட்டுக்காரர் கைக்குட்டைக்குள்ளேயே கூட்டத்தை முடித்தார். நான் கடைக்குப் போய்ச் சாமானைக் கட்டவில்லை. காலி பண்ணு என்று வாய்விட்டுச் சொல்கிறவரை காலி பண்ணுவதில்லை என்று இருந்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, முதல் நாயைத் தண்ணீரில் இறக்கினேன். வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். துண்டு இல்லை, கைக்குட்டை இல்லை. தலை முழுக்க ஒட்ட வெட்டி, மீசையை மழித்து, வெள்ளையாக நின்றார். எனக்கு ஒரு கணம் ஆள் அடையாளம் தெரியவில்லை. நாயும் குரைத்தது. கூட்டம் கலைந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் மாடியேறி வந்துவிட்டார்களாம். எல்லோரும் என்னை இருக்கச் சொன்னார்களாம். ஒருவர் தன் நாயை நான்தான் குணப்படுத்தினேன் என்று சொன்னாராம். அவரிடம் ஏது நாய் என்று வீட்டுக்காரருக்கு இன்னும் விளங்கவில்லை. என் கை நாயின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் சோப்புத் தண்ணீர் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். அவர் தன் மொட்டை மேலுதட்டைத் தடவியபடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ இரும்மா. யார் யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காத, அதுல நானும் இருக்கறேன்.”

ஆகவே தோழர்களே, எங்கள் தெருவில் இன்றுவரை யாருக்கும் அரித்ததே கிடையாது, அவர்கள் அத்தனை பேரையும் குணப்படுத்தியது நான்தான்.